மேலாளர் இல்லாத பண்ணை: முதல் கிபுட்ஸ் டெகானியா உருவான கதை

2023 அக்டோபர் 7 அன்று இஸ்ரேல் மீது ஹமாஸ் நடத்திய தாக்குதலுக்குப் பிறகு பேரி, நிர் ஓஸ், கஃபார் அஸா என்ற ஊர்ப் பெயர்கள் தமிழ் நாளிதழ்களிலும் இடம்பெற்றன. கூடவே ‘கிபுட்ஸ்’ என்ற சொல்லும் வந்தது. இஸ்ரேலின் கூட்டுப் பண்ணைக் கிராமம் என்று ஒரே வரியில் விளக்கிவிட்டுச் செய்திகள் அடுத்ததற்குப் போய்விட்டன. நிலம், மாடு, வீடு, சம்பளம் எதுவும் தனி ஒருவருக்குச் சொந்தமில்லை என்று சிலர் தாமாகவே முடிவெடுத்து, அந்த முடிவின்படி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு வாழ்ந்து காட்டிய கதையை அந்த ஒரு வரியில் அடக்கிவிட முடியாது.

சோவியத் ரஷ்யாவின் கூட்டுப் பண்ணைகளைப் பார்த்துக் கிபுட்ஸ்கள் உருவாயின என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். காலக் கணக்கு அதற்கு இடம் தரவில்லை. முதல் கிபுட்ஸான டெகானியா 1910இல் தொடங்கியது. ரஷ்யப் புரட்சிக்கு அப்போது இன்னும் ஏழு ஆண்டுகள் இருந்தன. தவிர, சோவியத் பண்ணைகள் அரசின் ஆணையால் எழுந்தவை. டெகானியாவுக்குப் பின்னால் அரசாணை ஏதும் கிடையாது. எழுதி வைத்த திட்டம்கூடக் கிடையாது. ஒரு பண்ணை மேலாளருக்கும் அவரிடம் வேலை பார்த்தவர்களுக்கும் இடையே மூண்ட தகராறில் பிறந்த ஊர் அது. அதன் பெரிய கொள்கைகள் எல்லாமே, பால் கறப்பது யார், குழந்தையைப் பார்த்துக்கொள்வது யார் என்பது போன்ற அன்றாடக் கேள்விகளுக்குச் சொன்ன பதில்களாகத்தான் உருவாயின. டெகானியாவின் வரலாற்றைப் படிக்கும்போது என்னை மிகவும் ஈர்ப்பது இதுதான்.

1903இல் ரஷ்யப் பேரரசின் கிஷினேவ் நகரில் யூதர்கள் மீது கொலைவெறித் தாக்குதல் நடந்தது. 1905 புரட்சியின் தோல்வியைத் தொடர்ந்து வன்முறை மேலும் பரவியது. லட்சக்கணக்கான யூதர்கள் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். சிறு எண்ணிக்கையிலான இளைஞர்கள் மட்டும் அப்போது உதுமானியப் பேரரசின் ஆட்சியில் இருந்த பாலஸ்தீனத்துக்கு வந்தார்கள். 1904 முதல் 1914 வரையிலான இந்த வருகையை ‘இரண்டாம் அலியா’ என்று வரலாற்றில் குறிப்பிடுகிறார்கள். இவர்களுக்கு முன்பே வந்து குடியேறிய யூதர்கள் திராட்சைத் தோட்டங்களும் ஆரஞ்சுத் தோட்டங்களும் வைத்திருந்தார்கள். அந்தத் தோட்டங்களில் கூலி வேலை செய்தவர்கள் பெரும்பாலும் அரபு விவசாயிகள். அவர்களுக்கு மண் தெரியும், வெயில் பழக்கம், கூலியும் குறைவு. புத்தகம் படித்து வளர்ந்த ரஷ்ய யூத இளைஞன் மண்வெட்டியோடு போய் வேலை கேட்டால், தோட்டக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வேறு இடம் பார்க்கச் சொன்னார். வேலை கிடைத்தவர்களுக்கும் கைகள் கொப்பளித்தன, மலேரியா வாட்டியது. வந்தவர்களில் கணிசமானோர் சில ஆண்டுகளிலேயே நாட்டைவிட்டுப் போய்விட்டார்கள்.

யூதர்களுக்குப் பாலஸ்தீனத்தில் தாயகம் அமைக்க முயன்ற உலக சியோனிச அமைப்பு 1908இல் அங்கே யாஃபா நகரில் ஓர் அலுவலகம் திறந்தது. அதன் பொறுப்பாளர் பிரஷ்யாவில் பிறந்த ஆர்தர் ருப்பின். கலிலேயா ஏரியின் தென்மேற்குக் கரையில் கின்னரெத் என்ற பயிற்சிப் பண்ணையை அவர் அமைத்தார். மோஷே பெர்மன் என்ற வேளாண் வல்லுநர் மேலாளராக அமர்த்தப்பட்டார். திட்டம் இடுவது மேலாளர், உழைப்பது தொழிலாளிகள் என்ற வழக்கமான ஏற்பாடு வெகு விரைவில் கசந்தது. பண்ணைக்கு நஷ்டம். கூலிக்காரர்களைப் போல நடத்துகிறார்கள் என்பது தொழிலாளிகளின் குறை, ஒழுங்கில்லாதவர்கள் என்பது மேலாளரின் குறை. 1909இல் வேலைநிறுத்தம் வெடித்தது.

ருப்பின் நிர்வாகி, கணக்குப் பார்ப்பவர். அவர் கண்ட தீர்வு எளிமையானது. பண்ணை நிலத்தில் ஒரு பகுதி உம் ஜுனி என்ற அரபுச் சிற்றூரை ஒட்டி இருந்தது. அதை மேலாளரே இல்லாமல் ஒரு சிறு தொழிலாளர் குழுவிடம் ஓராண்டுக்கு விட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தார். மாதந்தோறும் ஆளுக்கு ஒரு தொகை, ஆண்டு முடிவில் லாபத்தில் பங்கு. ஓராண்டு முடிந்தபோது கின்னரெத் பண்ணையில் நஷ்டம் தொடர்ந்தது, உம் ஜுனியில் லாபம் வந்தது. ருப்பினைச் சம்மதிக்க வைத்தது அந்த லாபக் கணக்குதான். இதற்குச் சற்று முன்பு, 1907-08இல் செஜெரா என்ற இடத்தில் மான்யா ஷோகாட் என்ற பெண்ணின் முயற்சியில் ஒரு கூட்டுக் குழு ஓராண்டு பயிரிட்டு, நஷ்டமின்றி முடித்திருந்தது. ஆகவே உம் ஜுனி முற்றிலும் குருட்டுத் துணிச்சல் என்று சொல்வதற்கில்லை.

முதல் குழுவினர் ஓராண்டோடு விடைபெற்றார்கள். அவர்கள் இடத்துக்கு 1910 அக்டோபர் இறுதியில் ஹதேரா என்ற ஊரிலிருந்து வேறொரு குழு வந்தது. பத்து ஆண்கள், இரண்டு பெண்கள். பெரும்பாலோர் இருபது வயதை ஒட்டியவர்கள். சுரண்டுபவரும் சுரண்டப்படுபவரும் இல்லாத ஓர் ஊரை அமைக்கவே வந்தோம் என்று அவர்கள் பதிவு செய்து வைத்தார்கள். அவர்களில் ஜோசப் பராட்ஸ், பதினாறு வயதில் தனியே நாட்டுக்கு வந்து கல் உடைத்துப் பிழைத்தவர். சிந்தனையாளர் என்று சொல்லத்தக்கவர் யோசேப் புஸ்ஸெல். அப்போது அவருக்கு வயது 19. தன்ஹும் தன்பிலோவ் அசராத உழைப்பாளி. பெண்கள் இருவரும் மிரியம், சாரா மல்கின்.

வந்து சேர்ந்த இடம் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 200 மீட்டர் கீழே இருக்கிறது. யோர்தான் நதி ஏரியைவிட்டு வெளியேறும் முனைக்கு அருகில் உள்ளது அது. கோடையில் காற்றே அசையாது. மண் குடிசைகளிலும் ஒரு மரக் கொட்டகையிலும் தங்கினார்கள். கோதுமையும் பார்லியும் விதைத்தார்கள். யாராவது ஒருவர் எப்போதும் காய்ச்சலில் படுத்திருப்பார். ஓராண்டு முடிந்ததும், இதை நிறுவி அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு வேறிடம் போவதா, இங்கேயே வேரூன்றுவதா என்ற விவாதம் எழுந்தது. புதிய நிலங்களைப் பண்படுத்திக்கொண்டே நகர்வதுதான் முன்னோடியின் வேலை என்று சிலர் வாதிட்டார்கள். புஸ்ஸெல் தங்கத்தான் வேண்டும் என்றார். வேரூன்றாத இடத்தில் வாழ்க்கை முறை உருவாகாது என்பது அவர் கட்சி. அது வென்றது. 1912இல் ஏரி முனையில் கல் கட்டடங்கள் எழும்பின, நிலையான ஊர் ஆயிற்று. தானியத்தைக் குறிக்கும் எபிரேயச் சொல்லிலிருந்து டெகானியா என்று பெயர் வைத்தார்கள்.

சமத்துவம் பேசிய அந்தக் கொட்டகையில் பெண்களுக்குக் கிடைத்தது சமையலும் துணி துவைப்பும்தான். சம்பள ஒப்பந்தமும் ஆண்களை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது. மாட்டுத் தொழுவம் ஆண்களின் ஆட்சிப் பகுதி, பெண்ணுக்கு அங்கே வேலையில்லை என்று தோழர்கள் நினைத்தார்கள். மிரியம் சண்டை போட்டுக் காலம் கடத்தவில்லை. பக்கத்துக் கிராமத்து அரபுப் பெண்களிடம் போய்ப் பால் கறக்கப் பழகிக்கொண்டார். ஒருநாள் பொழுது விடியும் முன்னரே எழுந்து, ஆண்கள் வருவதற்குள் மாடுகளைக் கறந்து முடித்துவிட்டார். அதன் பிறகு தொழுவத்தை அவரிடமிருந்து யாரும் கேட்கவில்லை. பல பத்தாண்டுகள் அவர் அங்கேயே வேலை செய்தார். பெண் உரிமை பற்றி அந்த ஊரில் நடந்த எத்தனையோ கூட்டங்களைவிட அந்த ஒரு விடியற்காலை அதிகம் சாதித்தது என்றே நினைக்கிறேன்.

முதல் சில ஆண்டுகளுக்கு யாரும் திருமணம் செய்துகொள்ள வேண்டாம் என்ற யோசனையும் குழுவில் எழுந்தது. குடும்பம் வந்தால் கூட்டு வாழ்க்கை சிதறிவிடும் என்ற அச்சம். மிரியமும் ஜோசப்பும் அதைப் பொருட்படுத்தாமல் மணந்துகொண்டார்கள். 1913இல் அவர்களுக்குப் பிறந்த மகன்தான் டெகானியாவின் முதல் குழந்தை. இரண்டாவது குழந்தை 1915இல் பிறந்தது. பின்னாளில் இஸ்ரேலின் ராணுவத் தளபதியாகவும் பாதுகாப்பு அமைச்சராகவும் ஆன மோஷே தயான் அவர்.

குழந்தை பிறந்ததும் யாரும் யோசித்திராத கேள்வி வந்தது. தாய் குழந்தையோடு வீட்டில் இருந்தால் வேலை யார் செய்வது? வேலைக்குப் போனால் குழந்தையை யார் பார்ப்பது? செலவு யார் கணக்கில்? மிரியம் முதலில் மகனைத் தொழுவத்துக்கே தூக்கிக்கொண்டு போனார். புஸ்ஸெல் சொன்ன பதில் கிபுட்ஸ் இயக்கம் முழுவதற்கும் அடித்தளமாயிற்று. குழந்தையை வளர்ப்பது தாய் ஒருத்தியின் பொறுப்பாக இருக்கக் கூடாது, செலவு ஊர் முழுவதற்கும் பொது, குழந்தை இல்லாதவரும் அதில் பங்கேற்க வேண்டும் என்றார். பகலில் ஒரு பெண் எல்லாக் குழந்தைகளையும் பார்த்துக்கொள்ள, மற்ற தாய்மார் வேலைக்குப் போனார்கள். ஆனால் இரவில் குழந்தைகள் பெற்றோரிடமே தூங்கினார்கள். பிற்காலத்தில் பெரும்பாலான கிபுட்ஸ்களில் குழந்தைகளை இரவிலும் தனி இல்லங்களில் தங்கவைக்கும் வழக்கம் வந்து, அதில் வளர்ந்தவர்கள் பலர் பெரியவர்களான பின் அதன் வலியைப் பேசினார்கள். தாய்க் கிபுட்ஸ் அந்த எல்லைவரை போகவில்லை. கொள்கையை எங்கே நிறுத்துவது என்று அந்த ஊர் அறிந்திருந்தது.

1913 நவம்பரில் டெகானியாவின் உறுப்பினரான ஷ்முவேல் தயானுக்கு உடல்நலம் சரியில்லை. மருந்து வாங்கி வர மோஷே பார்ஸ்கி என்ற இளைஞர் கோவேறு கழுதையில் போனார். திரும்பும் வழியில் கொல்லப்பட்டார். வயது 18. ரஷ்யாவில் இருந்த அவருடைய தந்தை, மனம் தளர வேண்டாம் என்று டெகானியாவுக்குக் கடிதம் எழுதியதோடு, இறந்த மகனின் இடத்தை நிரப்ப இன்னொரு மகனையும் அனுப்பினார். ஷ்முவேல் தயான் தமக்குப் பிறந்த குழந்தைக்கு மோஷே என்று பெயர் வைத்தது இந்த இளைஞரின் நினைவாகத்தான்.

இந்த ஊரின் மனச்சாட்சியாக இருந்தவர் ஏ. டி. கோர்டன். அலுவலக வேலை பார்த்துவிட்டு 48 வயதில் பாலஸ்தீனத்துக்கு வந்தவர். வெண்தாடியோடு இளைஞர்களுக்குச் சமமாக மண்வெட்டி பிடித்தார். கைகளால் மண்ணோடு உழைத்தால்தான் மனிதன் முழுமையடைவான் என்று எழுதினார். டால்ஸ்டாயோடு அவரை ஒப்பிடாதவர்கள் குறைவு. 1922இல் டெகானியாவில் காலமானார்.

டால்ஸ்டாய் என்றதும் தமிழர்களுக்கு நினைவுக்கு வர வேண்டிய இடம் வேறொன்று. டெகானியா தொடங்கிய அதே 1910ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் அருகே காந்தி ‘டால்ஸ்டாய் பண்ணை’யை அமைத்தார். சிறை சென்ற சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் அங்கே வாழ்ந்தன. அவர்களில் தமிழ்க் குடும்பங்கள் பல. தமக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழை வைத்துக்கொண்டு காந்தி குழந்தைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது அங்கேதான். சமையலில் தொடங்கிக் கழிப்பிடம் துப்புரவு செய்வதுவரை எல்லா வேலையும் பொது, வேலையாள் கிடையாது. அந்த 1,100 ஏக்கர் நிலத்தைக் கொடுத்தவர் காந்தியின் நண்பரான ஹெர்மன் கல்லன்பாக் என்ற யூதக் கட்டடக் கலைஞர். பிற்காலத்தில் அவர் சியோனிச இயக்கத்தை நோக்கி நகர்ந்தார். 1945இல் அவர் இறந்த பின், அவருடைய அஸ்தி டெகானியாவின் இடுகாட்டில் வைக்கப்பட்டது. ஒன்றையொன்று அறியாமல் ஒரே ஆண்டில் பிறந்த இரண்டு பண்ணைகளை இணைக்கும் மனிதர் அவர். இந்தச் செய்தி தமிழில் அதிகம் எழுதப்படாதது எனக்கு வருத்தம்தான்.

மீண்டும் டெகானியாவுக்கு வருவோம். அந்த ஊரின் அடிப்படை நம்பிக்கை, சிறியதாக இருப்பது. எல்லோரும் எல்லோரையும் அறிந்திருக்க வேண்டும், இரவு உணவு மேசையில் உட்கார்ந்து பேசியே எதையும் தீர்க்க வேண்டும். சட்டப் புத்தகமோ வாக்கெடுப்போ தேவைப்படாத அளவுக்குச் சிறிய குழு. ஆனால் நிலம் விரிந்துகொண்டே போனது, உழைக்கும் கைகள் போதவில்லை. கூலிக்கு ஆள் வைத்தால் தாங்களே முதலாளிகள் ஆகிவிடுவார்கள். உறுப்பினர்களைச் சேர்த்துக்கொண்டே போனால் நெருக்கம் போய்விடும். 1920இல் டெகானியா தன் நிலத்தின் ஒரு பகுதியைப் பிரித்துக் கொடுத்து, பக்கத்திலேயே டெகானியா ‘பெத்’ என்ற இரண்டாம் ஊருக்கு வழிவிட்டது. மூலக் கிராமம் டெகானியா ‘ஆலெஃப்’ ஆயிற்று. ஆலெஃப், பெத் என்பவை எபிரேயத்தின் முதல் இரண்டு எழுத்துகள். பிற்காலத்தில் பிரதமரான லெவி எஷ்கோல் அந்த இரண்டாம் டெகானியாவின் உறுப்பினர். இருக்கும் நிலத்தைத் தானாகக் குறைத்துக்கொண்ட ஓர் ஊரை வேளாண் வரலாற்றில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

எல்லோரும் இதை ஏற்கவில்லை. ஷ்லோமோ லாவி என்பவர், நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து வயலும் தொழிலும் நடத்தும் பெரிய கூட்டு ஊர்தான் தேவை என்றார். 1921இல் எய்ன் ஹரோத் அப்படித் தொடங்கியது. பின்னர் வந்த கிபுட்ஸ்களில் பெரும்பாலானவை அந்த வழியில் போயின. எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. ஷ்முவேல் தயான் குடும்பத்தோடு டெகானியாவைவிட்டு வெளியேறி, 1921இல் நஹலால் ஊரை நிறுவியவர்களோடு சேர்ந்தார். அங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி நிலம், தனி வீடு. விற்பனையும் கொள்முதலும் மட்டும் கூட்டு. ‘மோஷாவ்’ என்ற அமைப்பு அங்கிருந்து கிளைத்தது.

சிறிய ஊரின் நெருக்கம் எல்லோருக்கும் அரவணைப்பாக இருக்கவில்லை. கவிஞர் ராஹேல் 1919இல் டெகானியாவுக்கு வந்து சேர்ந்தார். காசநோய் இருப்பது தெரிந்ததும், குழந்தைகளுக்குத் தொற்றிவிடும் என்று அஞ்சி அவரை வெளியேறச் சொன்னார்கள். அவர் 1931இல் டெல் அவீவில் இறந்தார். அச்சத்துக்குக் காரணம் இருந்தது, அதை மறுக்கவில்லை. ஆனாலும் யாரையும் கைவிடாமல் இருக்கவே கூடிய ஊர் நோயாளி ஒருத்தியைத் தனியே அனுப்பியதை எளிதில் கடந்துபோக முடியவில்லை. புஸ்ஸெலும் அப்போது இல்லை. 1919இல் 28 வயதில் கலிலேயா ஏரியில் மூழ்கி இறந்துபோயிருந்தார்.

இதைவிட ஆழமான எல்லை ஒன்று தொடக்கத்திலிருந்தே இருந்தது. டெகானியா எழுந்த நிலம் யூத தேசிய நிதியத்தால் நில உடைமையாளர்களிடம் பணம் கொடுத்து வாங்கப்பட்டது. உழுதவர்களிடம் யாரும் கேட்கவில்லை. ‘கூலிக்கு ஆள் வைப்பதில்லை’ என்ற கொள்கைக்கு இரண்டு முகங்கள் உண்டு. பிறர் உழைப்பில் வாழ்வதில்லை என்பது ஒன்று. அரபு உழைப்பாளிக்கு அங்கே இடமில்லை என்பது மற்றொன்று. முதல் முகத்தை மட்டும் பாராட்டிவிட்டு இரண்டாவதை மறைப்பது நேர்மையாகாது. மிரியம் பால் கறக்கக் கற்றுக்கொண்டது அரபுப் பெண்களிடம்தான். ஆனால் அந்தப் பெண்கள் யாரும் டெகானியாவின் உறுப்பினராகியிருக்க முடியாது.

டெகானியாவுக்குப் பக்கத்தில், ஏரியின் தென்கோடியில் சமக் என்ற அரபு ஊர் இருந்தது. ஹைஃபாவிலிருந்து தெரா செல்லும் ரயில் அங்கே நிற்கும். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்தார்கள். 1948 ஏப்ரல் இறுதியில் யூதப் படைகள் அதைக் கைப்பற்றின, மக்கள் வெளியேறினார்கள். பிறகு திரும்பி வரவில்லை. மே மாதம் இஸ்ரேல் நாடு உருவானதும் சிரியப் படை எல்லை தாண்டியது. மே 20 அன்று டாங்கிகளோடு இரண்டு டெகானியாக்களையும் தாக்கியது. காத்து நின்றவர்களில் பெரும்பாலோர் பயிற்சி குறைந்த ஊர்க்காரர்கள். அந்த வட்டாரத்தின் தற்காப்புப் பொறுப்பு அங்கேயே பிறந்த மோஷே தயானிடம் இருந்தது. சிரியாவின் ரெனோ ஆர்-35 டாங்கி ஒன்று வேலியைத் தாண்டி உள்ளே வந்து நின்றுபோனது. எரிகுண்டு வீசி அதை நிறுத்தியவர் யார் என்பதில் பின்னாளில் பலர் உரிமை கோரினார்கள். டாங்கி எதிர்ப்பு எறிகணைதான் நிறுத்தியது என்று பின்னர் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. அன்று நண்பகலுக்குப் பின் கொண்டுவரப்பட்ட பழைய மலைப் பீரங்கிகள் முழங்கியதும் சிரியர்கள் பின்வாங்கினார்கள். டாங்கி இன்றும் அங்கேயே இருக்கிறது. பள்ளிக் குழந்தைகள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். சமக் இருந்த இடத்தில் இப்போது ஒரு சாலைச் சந்திப்பு இருக்கிறது.

நாடு உருவான பின் கிபுட்ஸ்களின் செல்வாக்கு எண்ணிக்கைக்கு மீறி இருந்தது. நாட்டு மக்களில் சில சதவீதமே கிபுட்ஸில் வாழ்ந்தாலும், நாடாளுமன்றத்திலும் ராணுவத்திலும் அவர்களின் பங்கு பெரிது. டெகானியாவில் கோதுமைக்குப் பக்கத்தில் வாழையும் பேரீச்சையும் வந்தன, பால் பண்ணை வளர்ந்தது. 1960களின் இறுதியில் வைரம் பதித்த தொழிற்கருவிகள் செய்யும் ஆலை தொடங்கியது. 1981இல் நாட்டின் உயரிய விருதான இஸ்ரேல் பரிசு டெகானியாவுக்கு வழங்கப்பட்டது.

அடி விழுந்தது அதன் பிறகு. 1980களின் நடுவில் இஸ்ரேலின் பணவீக்கம் ஆண்டுக்கு 400 சதவீதத்தைத் தாண்டியது. 1985இல் அரசு அதைக் கட்டுக்குள் கொண்டுவந்தபோது வட்டி விகிதம் எகிறியது. மலிவான கடனை நம்பி ஆலைகளும் வீடுகளும் கட்டியிருந்த கிபுட்ஸ்கள் மீளாக் கடனில் விழுந்தன. வங்கிகளோடும் அரசோடும் பல ஆண்டுகள் பேசிக் கடன் தள்ளுபடிக்கு உடன்பாடு காண வேண்டியிருந்தது. பணத்தைவிடப் பெரிய இழப்பு, இளைஞர்கள் வெளியேறியது. ராணுவச் சேவை முடித்து ஊர் திரும்பாமல் நகரத்தில் தங்கிவிட்டார்கள். பொது உணவுக்கூடங்கள் காலியாயின.

பல கிபுட்ஸ்கள் ஆளுக்கேற்ற சம்பள முறைக்கு மாறின. டெகானியா கடைசிவரை தாக்குப்பிடித்த ஊர்களில் ஒன்று. ஆனால் 2007இல் அதுவும் மாறியது. ஓராண்டு சோதித்துப் பார்த்த பின் நடந்த வாக்கெடுப்பில் 85 சதவீதத்தினர் மாற்றத்தை ஆதரித்தார்கள். அதுவரை யார் எவ்வளவு சம்பாதித்தாலும் பொதுக் கணக்கில் சேர்ந்து, தேவைக்கு ஏற்ப ஆளாளுக்குப் படி வழங்கப்பட்டது. இனி சம்பளம் சம்பாதித்தவருக்கே. மின்சாரத்துக்கும் உணவுக்கும் அவரவர் பணம் செலுத்த வேண்டும். ஆனால் சம்பளத்திலிருந்து உள்ளூர் வரி ஒன்று பிடிக்கப்படும். குறைந்த வருவாய் உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் அது போகும்.

உலகப் பத்திரிகைகள் அப்போது கிபுட்ஸ் கனவு முடிந்தது என்று எழுதின. எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. 1910இல் வந்த பன்னிரண்டு பேரிடம் எழுதி வைத்த விதிகள் இருக்கவில்லை. பிரச்சினை வந்தபோது கூடிப் பேசி விதியை உண்டாக்கினார்கள். 2007இல் அவர்களின் பேரப் பிள்ளைகளும் கூடிப் பேசியே விதியை மாற்றினார்கள். மாறாத பக்கமும் உண்டு. இஸ்ரேலில் இன்று 270 அளவில் கிபுட்ஸ்கள் இருக்கின்றன. அவற்றில் ஒரு சிறுபான்மை பழைய கூட்டு முறையையே பின்பற்றுகிறது. சொந்த அச்சகத்தின் வருவாயில் நின்று, சம்பளத்தைப் பொதுவில் வைத்தே வாழ்ந்து வந்த பேரி அவற்றில் ஒன்று.